தொட்டிக்கு ஊற்றிய முதல் வாளி

எங்கள் ஊர்த் திருவிழா மலரில் வருடா வருடம் ஒரு பக்கம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி வரும். போன வருடம் ரொட்டிக்கடைக்காரர். அதற்கு முந்தின வருடம் கல்லறைத் தோட்டத்துக்காரர். எழுதுவது நான்தான். பெயர் ஹினேஸ், பசுமைக்குடில்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன், எங்கள் பெனாதர் ஊர்ச் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். இந்த வருடம் தபால்காரி லேசியாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். “நாலு நல்ல வார்த்தை எழுது” என்றார்கள். நாலு என்ன, பத்தே இருக்கிறது, ஒவ்வொன்றும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. முள்ளையும் சேர்த்தேதான் எழுதுகிறேன். விழாக் குழுவுக்குப் பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் பன்றித்தொடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

முழுப்பெயர் இந்தலேசியா. வயது நாற்பத்தொன்பது. ஆட்டுக்காரர் ஃப்ராஸ்கோவின் ஒரே மகள். இருபத்திரண்டு வருடமாக மொபெட்டில் தபால் கொண்டுபோகிறாள். ஊருக்கு வெளியே சிதறிக் கிடக்கும் பண்ணைவீடுகளில் எந்த நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும், எந்தக் கிழவருக்குக் கடிதத்தைப் படித்தும் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குள்ளமான உருவம், அகலமான தோள். சிரித்தால் தேவாலய முற்றம் வரை கேட்கும். எந்நேரமும் வாயில் சூரியகாந்தி விதை. கடித்து, உரித்து, தோலைத் துப்பிக்கொண்டேதான் பேசுவாள்.

சங்கத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. புருஷன் வடக்கே வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு வீட்டில் தங்கிவிட்ட வருடம் அது. ஏன் சைக்கிள் என்று கேட்டோம். “வீட்ல உக்காந்தா அழுகை வருது, சைக்கிள்ல உக்காந்தா பசி வருது. பசி பரவால்ல” என்றாள்.

சைக்கிளை வாங்கியதும் என்னிடம்தான். நான் அப்போது இறகு மாதிரி எடையில்லாத புதுசு ஒன்று எடுத்திருந்தேன். பழைய பச்சை மலை சைக்கிள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது, அதை அவள் தலையில் கட்டினேன். ஏமாந்தாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதும் உண்மை. அவள் மிதிப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். முட்டி இரண்டும் வெளியே அகன்று நிற்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கவே மாட்டாள். ஆனால் நாங்கள் நாக்குத் தள்ளி உச்சிக்குப் போய்ச் சேரும்போது அவள் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருப்பாள். “வாங்க ராசாக்களே, வழியில ஏதாவது கல்யாணமா?” என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் மத்தியாஸின் பாரில், காபி இயந்திரத்துக்கு மேலே, சுவரில் ஒரு பீங்கான் ஓடு இருந்தது. அதில் நீல எழுத்தில் என் பெயர். வேறு பெயர் கிடையாது. பெரிய சுற்றைத் தனியாக முடித்தவன் என்று இருபது வருடத்தில் நான் ஒருவன்தான்.

பெரிய சுற்று என்பது நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர். வறண்ட ஓடைகளுக்குள் இறங்கி, உப்புப் பூத்த மேடுகளைத் தாண்டி, மலைக் கணவாய் ஏறித் திரும்ப வேண்டும். கனிகுலா என்று நாங்கள் சொல்லும் கத்திரி நாட்களில் போனால்தான் சேர்த்தி. சூரியன் உதித்த பின் கிளம்பி, மறைவதற்குள் வர வேண்டும். அடுத்தவர் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்கக் கூடாது. கூடக் கொண்டுபோனதைக் குடிக்கலாம். இல்லையென்றால் கணவாய்க்குக் கீழே இருக்கும் அல்ஹிபேயில் இறைத்துக் குடிக்கலாம். அது தரைக்கு அடியில் மழைநீர் சேரும் பழைய நீர்க்கிடங்கு, மேலே கல் குவிமாடம். உள்ளே கொக்கியில் ஒரு வாளியும் கயிறும் தொங்கும். வெளியே நிழலில்லாமல் ஒரு கல்தொட்டி.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பால்பல் விழும் முன்பே தெரிந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. அல்ஹிபேயில் இறைக்கிற முதல் வாளி கல்தொட்டிக்கு. ஆடு குடிக்கும், முயல் குடிக்கும், கவுதாரி குடிக்கும். இரண்டாவது வாளிதான் இறைத்தவனுக்கு. தொண்டை ஒட்டிக்கொண்டு சாகக் கிடந்தாலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மருந்துக்கடை வாசலில் எரியும் பச்சைச் சிலுவைப் பலகை பகலில் நாற்பத்தைந்து டிகிரி காட்டியது. சாயங்காலம் எட்டு மணிக்கு மத்தியாஸின் பாரில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். லேசியா பச்சை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். முகமெல்லாம் உப்பு. உதடு வெடித்திருந்தது. ஒரு முழங்கையில் காய்ந்த ரத்தம்.

“எங்க லேசியா போயிட்டு வர்ற? இப்பதான் அடுப்புல இருந்து எடுத்த மாதிரி இருக்க” என்றார் மத்தியாஸ்.

“பெரிய சுத்து. மொதல்ல பீரைக் குடு, அப்புறம் கேள்வி கேளு.”

என் கையில் இருந்த சீட்டு என்ன என்பது அப்போதே மறந்துபோயிற்று. எல்லாரும் எழுந்து அவள் முதுகில் தட்டினார்கள். மத்தியாஸ் அவளுக்கு முன்னால் ஆலிவ், வறுத்த மீன், உருளைக்கிழங்கு என்று அடுக்கினார். எனக்கு ஒரு நாளும் அத்தனை தட்டு வந்ததில்லை. நான் செயலாளர் குரலில் கேட்டேன்.

“வழித்தடம் பதிவாயிருக்கா?”

“கணவாய்ப் பாதை பிரியுதே, அந்தப் பிரிவு வரைக்கும் இருக்கு. அங்க வந்ததும் போன் சூடு தாங்காம அணைஞ்சுபோச்சு. நானும் அணைஞ்சிருப்பேன், பட்டன் எங்கன்னு தெரியல.”

பார் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “பதிவு இல்லன்னா ஓடு இல்ல. சட்டம் சட்டம்தான்.”

“யோவ் செயலாளரே” என்றார் மத்தியாஸ். “பதினோரு வருஷம் முன்னாடி நீ எந்தப் பதிவைக் காட்டின? உன் வாயைத்தானே நம்பினோம்?”

“அது அப்போ. இப்போ காலம் மாறிப்போச்சு.”

லேசியா விதைத்தோலைக் கையில் துப்பினாள். “விடு மத்தியாஸ். ஓடு வச்சா அதைத் துடைக்கணும். எங்க வீட்லயே துடைக்க ஆயிரம் கிடக்கு.” பிறகு நிமிர்ந்து என் ஓட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “நீ நல்லா பளபளன்னு வச்சிருக்க, ஹினேஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தும் வாய் ஓயவில்லை. என் மனைவி பியெதாத் பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சூப்பை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“லேசியா பொய் சொல்ற ஆளா?” என்றாள்.

“யாரு வேணா சொல்லலாம். அந்தப் பிரிவுல நின்னு பாத்தவனுக்குத்தான் தெரியும்.”

“உனக்கு வயித்தெரிச்சல், மனுஷா. சூப்பு ஜில்லுன்னு இருக்கு, குடி. அணையுதான்னு பாப்போம்.”

அணையவில்லை. மறுநாள் சூரியன் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். புது சைக்கிள், நாலு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பேரீச்சை, உப்பு. சுற்றை முடிப்பது என் நோக்கமில்லை. அவள் எந்த இடத்தில் ஏமாற்றினாள் என்று கண்டுபிடித்து, படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலமே மத்தியாஸின் மேசையில் போட வேண்டும். அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். பச்சை சைக்கிளின் பின்டயரை மாட்டியவனே நான். அதில் ஒரு பல் பெயர்ந்திருந்தது. சக்கரம் ஒரு முறை சுற்றினால் மண்ணில் ஓர் இடைவெளி விழும். ஓடை மணலில் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டே போனேன். அவள் தடம் ஒரே சீராகப் போயிற்று. வேகமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. இருபதாவது கிலோமீட்டரில் விதைத்தோல் கிடந்தது. நாற்பதாவதிலும் கிடந்தது. அறுபத்துமூன்றாவதில், சரளை இறக்கத்தில், தடம் வழுக்கிக் கோணியிருந்தது. பக்கத்தில் ஒரு உள்ளங்கையும் ஒரு முழங்கையும் பதிந்திருந்தன. விழுந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அச்சில் வருகிற பக்கத்தில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு மேல் சில்வண்டு மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தது. பதினொன்றுக்கு அதுவும் நின்றது. கைப்பிடி ரப்பர் இளகி உள்ளங்கையில் ஒட்டியது. பாட்டில் தண்ணீர் காபி போடும் சூட்டில் இருந்தது, விழுங்கினாலும் தாகம் குறையவில்லை. எதிர்க்காற்று வீசினால் குளிரும் என்று நினைத்தேன். வீசியபோது அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி முகம் காந்தியது. வியர்வை வெளியே வரும் முன்பே காய்ந்து, கால்சட்டையில் வெள்ளைக் கோடு கோடாக உப்பு நின்றது. இதையெல்லாம் முந்தின நாள் ஒருத்தி தாண்டிப் போயிருக்கிறாள், அதுவும் என் பழைய சைக்கிளில், விதை கொறித்துக்கொண்டு. அந்த நினைப்பு வெயிலை விட அதிகமாகச் சுட்டது.

ஒரு மணிக்குப் பிரிவுக்கு வந்தேன். வலது பக்கம் ஓடை நேராக ஊருக்கு இறங்கும். இடது பக்கம் கணவாய்க்கு ஏறும் பாதை. அப்படிப் போனால் பதினாலு கிலோமீட்டர் கூடுதல், எல்லாம் செங்குத்து. அவள் தடம் வலது பக்கம்தான் திரும்பியிருக்கும் என்று சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். ஏனென்றால் பதினோரு வருடம் முன்பு என் தடம் வலது பக்கம்தான் திரும்பியது.

ஆமாம். ஊர்க்காரர்கள் படித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் இதே மணி, இதே வெயில். ஏற்றத்தைப் பார்த்தேன், என் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது, கால் தானாக ஓடைக்குள் இறங்கிவிட்டது. ஊருக்குள் நுழையும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். பார் வாசலில் எல்லாரும் நின்று கைதட்டினார்கள். மத்தியாஸ் என் தலையில் பீரை ஊற்றினார். “அல்ஹிபேல தண்ணி இருந்துச்சா?” என்று யாரோ கேட்டார்கள். “இருந்துச்சு, மொத வாளியைத் தொட்டிக்கு ஊத்திட்டுத்தான் குடிச்சேன்” என்று என் வாய் சொல்லிற்று. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் வாளி விஷயத்தில் ஒருவன் பொய் சொல்வான் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. பத்து நாளில் ஓடு வந்துவிட்டது. லேசியாவின் அப்பா ஃப்ராஸ்கோ ஒரு நாள் வந்து அந்த ஓட்டைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டு எனக்கு வணக்கம் வைத்தார், தன் ஒயினைக் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது பிரிவில் நின்று குனிந்து பார்த்தேன். பல் பெயர்ந்த தடம் இடது பக்கம் போயிருந்தது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்திருப்பாள் என்று பின்னாலேயே போனேன். திரும்பவில்லை. மிதிக்க முடியாத இடத்தில் தடத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தடம், இறங்கித் தள்ளியிருக்கிறாள். மறுபடி ஏறியிருக்கிறாள். நானும் தள்ளினேன். கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்தபோது அல்ஹிபேக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. பிறகு நாக்கு தடித்தது. வியர்வை நின்று, அந்த வெயிலில் கை குளிர்ந்தது. அது நல்ல அறிகுறி இல்லை என்று தெரியும். ஆனால் என்னை இழுத்துக்கொண்டு போனது தாகம் இல்லை. கல்தொட்டி காய்ந்திருக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

தொட்டி காயவில்லை. நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஓரத்தில் குளவிகள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன. கீழே விதைத்தோல் கிடந்தது.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். தொட்டியின் அடியில் ஒரு துளை, அதைக் கந்தல் துணியால் அடைத்திருக்கும். குனிந்து அந்தத் துணியைப் பிடுங்கினேன். தண்ணீர் போய்விட்டால் அவள் வந்ததற்கு என்ன சாட்சி? விதைத்தோலையும் காலால் தேய்த்தேன். தண்ணீர் மண்ணில் சளசளவென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டே குவிமாடத்துக்குள் போய், வாளியைக் கொக்கியில் இருந்து எடுத்து, கோபத்தில் அப்படியே வீசினேன். பழசாகி மக்கியிருந்த கயிறு பாதியில் அறுந்தது. வாளி போய் விழுந்த சத்தம் கேட்டது. கீழே ஒரு ஆள் ஆழத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். அதை மேலே எடுக்க என் கையில் எதுவும் இல்லை.

வெளியே ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு, தவழ்ந்தேன். துணியைத் தேட நேரமில்லை, துளையில் கட்டைவிரலைச் செருகினேன். ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கட்டைவிரலை எடுக்காமலே முகத்தைத் தொட்டிக்குள் வைத்து உறிஞ்சினேன். சூடாக, பாசி நாற்றத்தோடு, ஒரு செத்த குளவியோடு உள்ளே போயிற்று. அவள் ஊற்றிய முதல் வாளி அது. முயலுக்கும் கவுதாரிக்கும் ஊற்றியது. நான் அழுதேன். நன்றியில் அழுதேன் என்று எழுதினால் பக்கம் அழகாக இருக்கும். இல்லை, பொறாமையில் அழுதேன். அந்த நிலையிலும் அவள்தான் ஜெயித்திருக்கிறாள் என்பது தாங்க முடியவில்லை.

மிச்சத்தைப் பாட்டிலில் சேர்த்துக்கொண்டு, குவிமாட நிழலில் ஆறு மணி வரை கிடந்தேன். பிறகு சைக்கிளைத் தள்ளியே கணவாயைக் கடந்து இறங்கினேன். ஊருக்குள் நுழையும்போது ஒன்பது ஆக ஐந்து நிமிடம். எங்கள் பக்கத்துக் கோடையில் சூரியன் ஒன்பதைத் தாண்டித்தான் மறையும், இன்னும் மறையவில்லை. அப்போதுதான் உறைத்தது. தனியாகப் போயிருக்கிறேன், கனிகுலாவில் போயிருக்கிறேன், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டேன். ஓடு பதினோரு வருடம் தாமதமாக உண்மையாகிவிட்டது, இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசல் வரை அந்தச் சந்தோஷம் கூட வந்தது. சைக்கிளைச் சாய்க்கும்போது சட்டம் நினைவுக்கு வந்தது. அடுத்தவர் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்கக் கூடாது.

மறுநாள் காலை லேசியா மின்சாரக் கட்டணச் சீட்டோடு என் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினாள். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“நீ சுத்தை முடிச்சிருக்க. நேத்து உன் தடத்தைப் பாத்துட்டு வந்தேன்” என்றேன்.

“தெரியும். நான்தானே முடிச்சேன்.”

“அதில்ல லேசியா. அந்த வருஷம் நான் முடிக்கல. பிரிவுலயே ஓடைக்குள்ள இறங்கிட்டேன்.”

“அதுவும் தெரியும்” என்றாள், சீட்டை நீட்டியபடி.

அவள் ஒரு விதையை உரித்தாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் எங்கப்பா ஆட்டை அந்தப் பக்கம்தான் ஓட்டிட்டுப் போனாரு. தொட்டி எலும்பு மாதிரி காஞ்சு கிடந்துச்சாம். வாளியில சிலந்தி வலையாம். வர்ற வழியில பார்ல உன்னைப் பாத்துட்டு வந்து, ராத்திரி சாப்பிடும்போது சொன்னாரு. ‘அந்த ஹினேஸ் மூஞ்சியில அவ்ளோ சந்தோஷத்தை நான் பாத்ததே இல்ல. யாரும் வாயைத் தொறக்கக் கூடாது’ன்னாரு. நாங்க தொறக்கல.”

“அவர் போய் நாலு வருஷம் ஆச்சே. முந்தாநாள் உனக்கு ஓடு இல்லன்னு சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லி? எனக்கு என்ன கிடைக்கும், ஒரு ஓடு. உனக்கு ஊர்ல மூஞ்சி போயிடும். நீ என்ன கொலையா பண்ணிட்ட?”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் துணியைப் பிடுங்கியதையும், வாளி போனதையும், கட்டைவிரலையும் சொன்னேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் முகத்தில் கோபத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தொட்டியைத் தொறந்து விட்டியா? இந்த வெயில்லயா?”

“ஆமா.”

“பொய் சொன்னதை எங்கப்பா பொறுத்துக்கிட்டாரு. இதைக் கேட்டிருந்தா தடியைத் தூக்கியிருப்பாரு. துணி எங்க?”

“அங்கேயேதான் கிடக்கும்.”

“வாளி இல்ல, துணி இல்ல. நாளைக்கு ஒரு மனுஷன் வந்தா என்ன பண்ணுவான்? இருபது மீட்டர் நல்ல கயிறா வாங்கு. நைலான் வேணாம், வெயில்ல பொடிஞ்சிடும். எஸ்பார்த்தோ புல்லு நார்ல முறுக்கினது வாங்கு. பெரிய தகர வாளி ஒண்ணு. இன்னிக்கே போ. அழறதை அப்புறம் வச்சுக்கோ.”

மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே போனேன். வாளியையும் கயிற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடை வழியாகக் குறுக்கே, பிரிவு வரை வேனிலும் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டும். துளையை அடைத்தேன். முதல் வாளியைத் தொட்டிக்கு ஊற்றினேன். என் ஐம்பத்துநாலு வயதில் அங்கே நான் ஊற்றிய முதல் முதல் வாளி அதுதான்.

திரும்பி வந்து மத்தியாஸிடம் திருப்புளி வாங்கி ஓட்டைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டார். திருவிழா மலரில் படித்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது காபி இயந்திரத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. லேசியாவின் ஓடு வருகிற வாரம் வந்துவிடும். “துடைக்கிறது நீ” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். லேசியா மீது எனக்கு இன்னும் பொறாமைதான். அவள் கால் பலத்தின் மீது இல்லை, அவள் ஓட்டின் மீதும் இல்லை. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து பீர் குடித்தாள். நான் அவளுக்கு முன்னாலேயே கணவாய் ஏறிய கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தும் நூறு தடவையும் விதையைக் கொறித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். என்னால் அவளைப் பற்றி ஒரு ராத்திரி கூடச் சும்மா இருக்க முடியவில்லை.